வைஸ் பிரசிடெண்ட் ஆகப் போகிற கேரலுக்கு

லிங்கராஜபுரம், பெங்களூரு
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கேரலுக்கு அப்பா எழுதுவது.

ஆண்டவர் தயவில் நானும் உன் அம்மாவும் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை டேரிலும் பேத்தியும் அங்கே மஸ்கட்டில் அதே போல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். குறையில்லாமல் என்று எழுதியதைப் பார்த்துவிட்டு உன் அம்மா பின்னால் நின்றுகொண்டு என் முட்டி வலி உங்களுக்குக் குறையாகத் தெரியவில்லையா என்கிறாள், ஆகவே அதையும் எழுதிவிடுகிறேன், முட்டி வலி இருக்கிறது. மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. துணி காயப்போட நான் போகிறேன் என்றால் நான் மாட்டுகிற கிளிப்பு காற்றுக்கு நிற்காதாம், இவளே ஏறுகிறாள், இறங்கி வந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு என்னை முறைக்கிறாள். நம் தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், போன மாதம் பைப்புக்கு என்றார்கள், இப்போது கேபிளுக்கு என்கிறார்கள், அடுத்த மாதம் போன மாதத்துப் பைப்பைத் தேடித் தோண்டுவார்கள் என்று நினைக்கிறேன். மற்றபடி மழை இல்லை, வெயில் இருக்கிறது, கொசு எப்போதும் போல் இருக்கிறது.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு பேத்தி சாப்பிட்டாளா என்று ஆரம்பிப்பாள், சொல்ல வந்தது நடுவில் செத்துப் போகும். இந்த முறை அது நடக்கக்கூடாது. வியாழக்கிழமை விமானத்தில் கிளம்புகிற டேரிலின் சிநேகிதர் கையில் இதையும் உன் அம்மா இடித்த மசாலாப் பொடியையும் கொடுத்து அனுப்புகிறேன். பொடியை அப்புறம் பிரிக்கலாம், முதலில் இதைப் படி. வருகிற முதல் தேதி ஆஸ்பத்திரியில் ராஜினாமா கொடுக்கப் போவதாகச் சொன்னாய். ஒன்பது வருஷம் அந்த வரவேற்பு மேசையில் உட்கார்ந்து சம்பாதித்த நல்ல பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு ரியல் எஸ்டேட்டில் இறங்குகிறேன் என்றாய், அப்பாவே நல்ல கம்பெனி என்று சொன்ன பிறகு எனக்கு என்ன பயம் என்றும் சொன்னாய். அதைச் சொன்ன அப்பா தான் இப்போது எழுதுகிறேன், கொடுக்காதே. கொடுத்துவிட்டிருந்தால் இதைப் படித்த அன்றைக்கே திரும்ப வாங்கு.

உனக்கு வந்த நியமனக் கடிதத்தை நீ எனக்குப் பெருமையாக அனுப்பினாய், நானும் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பெருமைப்பட்டேன். போன வாரம் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஃபேக்டரியில் டிராயிங் படிப்பது போல ஸ்கேல் வைத்து வரி வரியாகப் படித்தேன். முதல் பக்கத்தில் தங்க நிறத்தில் அசோசியேட் வைஸ் பிரசிடெண்ட், வளைகுடாப் பகுதி, என்று இருக்கிறது. இரண்டாம் பக்கம் முழுக்க உன்னைப் போன்ற தலைவர்களால் தான் கம்பெனி உயர்கிறது என்று வாயாலேயே வடை சுட்டிருக்கிறார்கள். மூன்றாம் பக்கத்தில் எத்தனை பேரைப் பிடித்து வந்தால் எத்தனை சதவீதம் என்று இருக்கிறது. நாலாம் பக்கத்தில், எறும்பு கூட கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில், பதினாலாவது ஷரத்தாக, நீ இந்தக் கம்பெனியின் ஊழியர் அல்ல, மாதச் சம்பளம் கேட்க உரிமை இல்லை, அரசாங்கத்தில் செய்ய வேண்டிய பதிவு, லைசென்ஸ், அபராதம் அத்தனையும் உன் சொந்தப் பொறுப்பு என்று இருக்கிறது. ஆக மேலே வைஸ் பிரசிடெண்ட், கீழே யாரோ. ஊழியராகவே இல்லாத ஒருத்தி எப்படி அந்தக் கம்பெனிக்கு வைஸ் பிரசிடெண்ட் ஆக முடியும் என்று நீ ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம், நானும் யோசித்திருக்கலாம். இரண்டு பேரும் தங்க எழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் கம்பெனியின் பெயரை எழுதி மையை வீணாக்க மாட்டேன், உனக்குத் தெரியும். கம்மனஹள்ளியில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் அவர்கள் அலுவலகம். ஒருமுறை போயிருந்தேன். அந்த ஒரே ஹாலில் பதினோரு வைஸ் பிரசிடெண்டுகள் இருந்தார்கள், உட்கார எட்டு நாற்காலி. மூன்று பேர் ஜன்னல் கட்டையில் சாய்ந்துகொண்டு போனில் சார் சார் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். அது போக கிளஸ்டர் ஹெட், வெல்த் ஆர்க்கிடெக்ட், ஹோம் ஹாப்பினஸ் மேனேஜர் என்று ஒவ்வொரு மேசையிலும் ஒரு பெயர்ப் பலகை. வீடு கட்டுகிற ஆர்க்கிடெக்ட் யாராவது இருக்கிறாரா என்று கேட்டேன், எல்லோரும் சிரித்தார்கள். ஃபேக்டரியில் ஆறாயிரம் பேருக்கு ஒரே ஒரு ஜெனரல் மேனேஜர் இருந்தார், அவர் நடந்து வந்தால் காரிடாரில் காக்கா கூடக் கத்தாது. இங்கே பட்டத்துக்கு விலையில்லை, பிரிண்டிங் செலவு மட்டும் தான், அதுவும் ஆயிரம் கார்டு போட்டால் நூறு இலவசம்.

இவ்வளவு பேசுகிற நீங்கள் ஏன் அன்றைக்கு நல்ல கம்பெனி என்றீர்கள் என்று கேட்பாய், கேட்க வேண்டும். உனக்குத் தெரிந்த பாதி இது. போன வருஷக் கடைசியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணித் தமிழ்ப் பூசை முடிந்ததும் நம் கோவில் கேட்டுக்கு வெளியே ஒரு ஏசி பஸ் வந்து நிற்கும். ஹொஸ்கோட்டே தாண்டி மனை காட்டக் கூட்டிப் போவார்கள், மத்தியானம் பிரியாணி, திரும்பும்போது குலுக்கலில் ஒரு குக்கர். ஃபாதர் யாரையும் அனுப்பவில்லை, அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பஸ் நின்றது தெருவில். கூட்டிப் போகிறவன் கிளிஃபர்ட், உனக்கு ஞாபகம் இருக்கும், பாடற்குழுவில் கித்தார் வாசித்த பையன், இப்போது முப்பத்தைந்து வயது, கிளஸ்டர் ஹெட். பஸ் கிளம்பும் முன் அவனே எழுந்து நின்று பயண ஜெபம் சொல்வான், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு, நல்ல தமிழில். நமக்கு அது போதுமே. ஒருத்தன் சுருதி தப்பாமல் வாசித்து, தடங்கல் இல்லாமல் ஜெபம் சொல்லிவிட்டால் அவன் காட்டுகிற மனைக்குப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்பது பாவம் என்று நினைக்கிற ஜனங்கள் நாம். அங்கே போனால் பொட்டல் காட்டில் சுண்ணாம்புக் கோடு, கோட்டுக்கு ஒரு கலர்க் கொடி, ஷாமியானா, அதற்குக் கீழே நாற்பது பேர் தட்டு வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் மெட்ரோ வருமாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நானும் சொன்னேன்.

உனக்குத் தெரியாத மீதிப் பாதியை இப்போது சொல்கிறேன். மூன்றாவது முறை போனபோது கிளிஃபர்ட் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அங்கிள், நீங்க சொன்னா இங்க நாலு பேரு கேப்பாங்க, உங்கள மாதிரி சீனியர்ஸ் எங்களுக்கு வேணும்" என்றான். அடுத்த ஞாயிறு ஒரு சின்னப் பெட்டியில் நூறு கார்டு கொண்டு வந்து கொடுத்தான். அலெக்சாண்டர், சீனியர் அட்வைசர், சமூகத் தொடர்பு. கீழே ரெரா, அதான் ரியல் எஸ்டேட்டுக்கு அரசாங்கம் வைத்திருக்கிற ஆணையம், அதன் பதிவு எண் என்று நீளமாக ஒரு நம்பர். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷம் கழித்து என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வேலை வந்தது, கேரல். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். பூசைக்கு, கல்யாணத்துக்கு, ஒரு சாவு வீட்டுக்குக் கூட எடுத்துப் போனேன், அதை நினைத்தால் இப்போது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. உன் அம்மா ஒரு கார்டை ஷோகேஸில் உன் கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தாள். உன்னிடம் சொல்லாததற்குக் காரணம், நீ வேலையில் சேர்ந்த பிறகு நானும் அதே கம்பெனி தான் என்று சொல்லி உன்னை அசத்த வேண்டும் என்று இருந்தேன். அவ்வளவு சின்னப் பிள்ளைத்தனம்.

பெருமாள்சாமியை உனக்குத் தெரியும், பேக்கரி வாசலில் பழைய ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு வாடகை வீடு, லீஸ் வீடு பார்த்துக் கொடுப்பாரே, அவர். நாம் யாரும் அவர் பெயரைச் சொன்னதில்லை, புரோக்கர் என்போம், அதையும் கொஞ்சம் மூக்கைச் சுருக்கிக்கொண்டு சொல்வோம். போன மாதம் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நான் வேண்டுமென்றே பக்கத்தில் போய் நின்று, இனிமேல் நானும் உங்கள் லைன் தான், ஆனால் கொஞ்சம் பெரிய அளவில், என்று சொல்லி கார்டை நீட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பட்டத்தைப் படிக்கவே இல்லை. நேரே கீழே இருந்த நம்பரைப் பார்த்தார், போனை எடுத்தார், டீ ஆறும் வரை எதையோ தட்டிக்கொண்டிருந்தார். அப்புறம், "சார், இது ஏஜென்ட் நம்பரே இல்ல. ஹொஸ்கோட்டே ரோட்ல நாலு வருசம் முன்னாடி முடிஞ்சுபோன வேற லேஅவுட்டோட நம்பரு. சும்னே எடுத்து ஒட்டியிருக்காங்க. உங்க கம்பெனி பேரு ஏஜென்ட் லிஸ்ட்லயே இல்ல, நீங்களே நோடுங்க" என்று போனை என் பக்கம் திருப்பினார். பேக்கரியில் ஆறு பேர் இருந்தார்கள். அவர் ஒன்றும் சத்தமாகச் சொல்லவில்லை, அது தான் இன்னும் கேவலமாக இருந்தது.

நான் விடுவேனா, அப்படியானால் உங்களுக்கு மட்டும் இருக்கிறதா என்று கேட்டேன், எகத்தாளமாகத் தான் கேட்டேன். அவர் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி, இன்ஷூரன்ஸ் பேப்பருக்கு அடியிலிருந்து லேமினேட் செய்த ஒரு சான்றிதழை எடுத்துக் காட்டினார். கர்நாடக ரெரா, ரியல் எஸ்டேட் முகவர், பெயர் பெருமாள்சாமி, அவருடைய போட்டோ, ஐந்து வருஷத்துக்குச் செல்லும் என்று தேதி. இதை ஏன் கார்டில் போட்டு ஊரெல்லாம் கொடுக்கவில்லை என்றேன். "கார்டு எதுக்கு சார், கேக்கறவங்களுக்குக் காட்டுறேன், இதுவரைக்கும் நம்ம ஏரியால யாரும் கேட்டதில்ல" என்றார். இருபது வருஷமாக நாம் மூக்கைச் சுருக்கிய மனிதரிடம் இருப்பது அரசாங்கச் சான்றிதழ், நாம் எழுந்து நின்று வணக்கம் சொல்கிற பதினோரு வைஸ் பிரசிடெண்டுகளிடம் இருப்பது பெயர்ப் பலகை. ஃபேக்டரியில் முப்பத்தொரு வருஷம் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தேன், என் முத்திரை இல்லாமல் ஒரு போல்ட் கூட கேட்டைத் தாண்டியதில்லை என்று உனக்குச் சாப்பாட்டு வேளையிலெல்லாம் சொல்லி அலுத்திருக்கிறேன். அந்த இன்ஸ்பெக்டர் தன் சட்டைப் பையில் இருந்த கார்டை ஒருமுறை கூடச் சரிபார்க்கவில்லை.

அன்றைக்கு அவரே உட்கார வைத்துச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன், உன் நியமனக் கடிதத்தில் இது ஒரு வரி கூட இல்லை. வீடு கட்டியோ மனை பிரித்தோ விற்கிறவன் தன் திட்டத்தை ரெராவில் பதிய வேண்டும், அதற்கு ஒரு எண். விற்றுக் கொடுக்கிறவன் தன்னைப் பதிய வேண்டும், அதற்கு வேறு எண். ஒன்றைக் காட்டி இன்னொன்றுக்கு ஈடு செய்ய முடியாது. பதிவாகாத திட்டத்தைப் பதிவான முகவர் கூட விற்கக்கூடாது. வைஸ் பிரசிடெண்டுக்கும் அட்வைசருக்கும் வெல்த் ஆர்க்கிடெக்டுக்கும் அந்தச் சட்டத்தில் நாற்காலியே கிடையாது, அதில் இருப்பது முகவர் என்ற ஒரே சொல். இரண்டு பேரை அறிமுகம் செய்து வைத்து, அதற்காக ஏதாவது வாங்கிக்கொண்டால், அது போன் வழியாக இருந்தாலும், நீ முகவர் தான், பதிவு இல்லாவிட்டால் நாளுக்குப் பத்தாயிரம் என்று அபராதம் ஏறும். நீ மஸ்கட்டில் இருக்கிறாய் என்பதால் தப்பிக்க முடியாது, மனை கர்நாடகத்தில் இருக்கிறது. அங்கே மஸ்கட்டில் இதற்கு என்ன சட்டமோ அது தனி, அதை விசாரிக்க வேண்டியது நீ. உன் ஆஸ்பத்திரி நர்ஸ்கள் ஏழு பேரை ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்து மனைப் படங்களை அனுப்பிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னாயே, அந்த ஏழு பேரும் கம்பெனியைப் பார்த்தா சேர்ந்தார்கள். வார்டுக்குப் போகும் வழியில் ஒன்பது வருஷமாகக் குட்மார்னிங் சொன்ன கேரலைப் பார்த்துச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி புக்கிங் போட்ட நிமிஷம் உன் பெயர் கெட்டுவிடும், அப்புறம் நீ நியாயமாகவே இந்தத் தொழிலைச் செய்ய நினைத்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இதை எனக்கு எப்படி இவ்வளவு உறுதியாகத் தெரியும் என்றால், எனக்கு நடந்துவிட்டது. நாலாம் வகுப்பில் உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மேபல் டீச்சர் இப்போது பின் தெருவில் ஒன்றரை அறை வாடகை வீட்டில் இருக்கிறார். புருஷன் போய் ஆறு வருஷம், பிள்ளை இல்லை. எழுபது வயதுக்குள் சொந்தமாக நாலு சுவருக்குள் படுத்து எழ வேண்டும் என்பது தான் அவருடைய ஒரே ஆசை, அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். பேக்கரியிலிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன், ஏனென்றால் மூன்று மாதம் முன்பு பஸ்ஸில் அவருக்கு ஜன்னல் ஓர சீட்டுப் பிடித்துக் கொடுத்தவன் நான். எதிலும் பணம் போட்டுவிடாதீர்கள் டீச்சர் என்று சொல்லப் போனவனுக்கு அவர் பீரோவிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வந்து காட்டினார். ஓய்வுப் பணத்தில் பெரும் பகுதியைப் போட்டு முடித்துவிட்டார். ரசீது இருந்தது. அதில் அறிமுகம் செய்தவர் என்ற இடத்தில், அலெக்சாண்டர், சீனியர் அட்வைசர் என்று அச்சாகியிருந்தது. "நீங்க கார்டு குடுத்தீங்கல்லண்ணா, அதான் தைரியமா போட்டேன்" என்றார். காபி போடட்டுமா என்று வேறு கேட்டார். அந்தக் காபியை நான் எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

கிளிஃபர்டிடம் போனேன். ரெரா எண் அப்ளை பண்ணியிருக்கிறோம், வந்துவிடும், எல்லா கம்பெனியும் இப்படித்தான், என்றான். நீ ஏன் முடிந்துபோன லேஅவுட்டின் நம்பரைப் போட்டாய் என்றதற்கு அது டிசைனர் பண்ணிய தப்பு என்றான். டீச்சர் பணத்தைத் திருப்பிக் கொடு என்றதற்கு, அது பாலிசியில் இல்லை, வேறு ஆள் பிடித்து மாற்றிவிடலாம், நீங்களே ஒரு ஆள் பிடித்துக் கொடுங்களேன் என்றான். கேட்டுக்கொள், ஏமாந்த ஒருத்தியைக் காப்பாற்ற ஏமாற இன்னொருத்தியைக் கொண்டு வர வேண்டுமாம். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அங்கிள், டீச்சர் புக்கிங்குக்கு உங்களுக்கு மிக்ஸி வந்துச்சே, அதையும் யோசிச்சுப் பேசுங்க" என்றான். ஆமாம், மிக்ஸி வந்தது. பொங்கலுக்குப் பரிசு என்று அனுப்பினார்கள், உன் அம்மா இரண்டு மாதம் அதில் சட்னி அரைத்தாள், நானும் தோசைக்குத் தொட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறது என்றேன். அது பரிசு இல்லை, டீச்சரின் ஓய்வுப் பணத்திலிருந்து எனக்கு வந்த கமிஷன். அன்று மாலையே அதைக் கழுவித் துடைத்து அட்டைப் பெட்டியில் போட்டு ஆட்டோவில் கொண்டு போய் அந்தப் பதினோரு வைஸ் பிரசிடெண்டுகளுக்கு நடுவில் வைத்துவிட்டு வந்தேன். ஷோகேஸில் இருந்த கார்டை உன் அம்மாவே எடுத்துக் கிழித்தாள்.

உன்னை இந்தத் தொழிலே வேண்டாம் என்று சொல்லவில்லை, அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. மனிதர்களோடு பேச உனக்கு வரும், பொய் சொன்னால் உன் காது சிவந்துவிடும், இந்தத் தொழிலில் அப்படி ஒருத்தி இருந்தால் நல்லது தான். ஆனால் செய்வதானால் பெருமாள்சாமி செய்தது போல் செய். ஆஸ்பத்திரி வேலையில் இருந்துகொண்டே விசாரி, லீவில் இங்கே வந்து உன் பெயரில் விண்ணப்பம் போடு, பான் கார்டு, விலாசம், வரிக் கணக்கு என்று கேட்பதைக் கொடு, எண் வரும் வரை ஒருவரிடமும் வாயைத் திறக்காதே. மகாராஷ்டிரத்தில் முகவருக்குப் பயிற்சியும் பரீட்சையும் கூட வைத்திருக்கிறார்களாம், இங்கேயும் என்ன கேட்கிறார்கள் என்று அப்போது பார்த்துக்கொள். எண் வந்த பிறகு முகவர் கேரல் என்று கார்டு அடி. அது உனக்குச் சின்னதாகத் தெரிந்தால், டேரிலின் அம்மாவிடம் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தால், இந்தத் தொழில் உனக்கு வேண்டாம், ஏனென்றால் நீ தேடுவது தொழில் இல்லை, பந்தா. எனக்கு இருந்த அதே நோய். எங்கிருந்து உனக்கு வந்தது என்று தேட வேண்டியதில்லை.

நேற்று மேபல் டீச்சரைக் கூட்டிக்கொண்டு சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன், ரெராவில் புகாரை இணையத்தில் தான் போட வேண்டும். பெருமாள்சாமியும் தன் வேலையை விட்டுவிட்டு வந்தார், கூப்பிட்டதற்கு ஒரு டீ கூட வாங்கிக்கொள்ளவில்லை. பணம் திரும்ப வருமா என்று அவரைக் கேட்டேன், "சொல்ல முடியாது சார், ஆனா போட்டே ஆகணும்" என்றார். டைப் அடிக்கிற பெண் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தாள், மனை எங்கே, ரசீது எங்கே, புகார் யார் மீது. மனை பிரித்தவன் பெயரைச் சொன்னோம், கம்பெனி பெயரைச் சொன்னோம். அறிமுகம் செய்தது யார் என்று ரசீதைப் பார்த்தே கேட்டாள். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது வேணாம்ணா, நீங்க என்ன தெரிஞ்சா செஞ்சீங்க, கம்பெனி பேரோட விட்டுடுங்க" என்றார். தெரியாமல் செய்தேன் என்று ஃபேக்டரியில் எத்தனை பேர் என் மேசைக்கு முன் நின்றிருக்கிறார்கள், ஒருவனையும் நான் விட்டதில்லை. என் பெயரைச் சொன்னேன், நானே எழுத்துக் கூட்டிச் சொன்னேன். என்ன பதவி என்று போடட்டும் என்றாள் அந்தப் பெண். சீனியர் அட்வைசர் என்று ரசீதில் இருக்கிறதே என்றாள். அதைப் போடாதே அம்மா என்றேன். பெருமாள்சாமி மெதுவாகச் சொன்னார், அவள் அடித்தாள், பதிவு இல்லாத முகவர். எழுபத்திரண்டு வயதில் சட்டப்படி உன் அப்பாவுக்குக் கிடைத்த பட்டம் அது.

டீச்சர் பஸ்ஸில் வழியெல்லாம் அழுதார், தன் பணத்துக்காக இல்லை, எனக்காக. அவருடைய அழுகையை நான் வாங்கிக்கொள்ளத் தகுந்தவன் தான். ஆனால் அந்த ஏழு நர்ஸ்களில் ஒருத்தி நாளைக்கு ஒரு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, வேண்டாம் கேரல் பெயரைப் போடாதே என்று இன்னொருத்தியின் கையைப் பிடிக்கும் நிலை வரக்கூடாது. அதைத் தடுக்க உனக்கு இன்னும் நேரம் இருக்கிறது, எனக்கு இருக்கவில்லை.

ஆண்டவர் உன்னையும் டேரிலையும் பேத்தியையும் ஆசீர்வதித்து, நல்ல புத்தியையும், கொடுத்த வார்த்தையைத் திரும்ப வாங்குகிற தைரியத்தையும் தரட்டும். பேத்திக்குப் பாட்டியின் முத்தங்கள். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று, இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் பண்ணாதே, முதலில் அந்த ஏழு பேருக்கும் போன் பண்ணு. என்ன சொல்வது என்று தெரியாவிட்டால், எங்கள் அப்பா ஒருத்தியை ஏமாற்றிவிட்டார், நான் உங்களை ஏமாற்றுவதற்கு முன் நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல். என் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம், இனி அதில் மறைக்க எதுவும் இல்லை.

உன் அன்புள்ள அப்பா,
அலெக்சாண்டர்